சுண்ணாம்பு அடித்த ஆற்றுக் கற்கள்

எழுதத் தெரியாமல்தான் எழுதுகிறேன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. ஒன்றைச் சொல்லிக்கொண்டே போகும்போது நடுவில் வேறொன்று ஞாபகம் வந்து, முதலில் சொன்னது மறந்துபோகிறது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கிறவளும் இல்லை நான். கல்யாண வீட்டில்கூட அடுப்படிப் பக்கம்தான் நிற்பேன். ஆற்றில் படகு விடுகிறவர்களுக்காக நாங்கள் கல் அடுக்கியதை எழுதி வை என்று என் மகள் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு பள்ளிக்கூட நோட்டை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டாள். நோட்டை வீணாக்க மனம் வரவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் தோட்டம் கோலா கிளாவாங்கைத் தாண்டி மலைச்சரிவில் இருந்தது. லயத்து வீடுகளும் ரப்பர் மரங்களும் ஆற்றுக்கு இந்தப் பக்கம். பால் நிறுக்கும் கொட்டகையும் லோரி வரும் சாலையும் அந்தப் பக்கம். விடியற்காலையில் பால் வடிய மரப்பட்டையைக் கீறிவிட்டு (அதைத்தான் மரம் வெட்டுவது என்போம்), பத்து மணிக்கு மேல் பாலை வாளிகளில் சேர்த்து, தோளில் காண்டாக் கம்பை வைத்து, அதன் இரண்டு முனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கிக் கடப்போம். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். ஆனால் மலையில் மழை பிடித்தால் சற்று நேரத்தில் இடுப்புக்கு ஏறிவிடும். அப்போது லோரிப் பாலம் வரைக்கும் சுற்றிக்கொண்டு போக வேண்டும். போய்ச் சேர்வதற்குள் பால் வாளியிலேயே உறைந்துவிடும். கணக்கெழுதும் கிராணி எட்டிப் பார்த்து, “இது ஒட்டுப்பால்” என்று தள்ளி வைத்துவிடுவார். காலையிலிருந்து பட்ட பாடு அந்த ஒரு வார்த்தையோடு போய்விடும்.

எழுபதுகளின் நடுவில், கல்யாணமாகி வந்த புதிதில், ஒருமுறை பாசிக் கல்லில் கால் வழுக்கி விழுந்தேன். இரண்டு வாளிப் பாலும் ஆற்றோடு போயிற்று. அன்று கரையில் உட்கார்ந்து நான் அழுதது பாலுக்காக இல்லை. மகள் அப்போது வயிற்றில் ஏழு மாதம். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு அந்த ஆற்றில் ஒரு பாலம் வேண்டும் என்பது பசி மாதிரி ஆகிவிட்டது.

பாலம் வேண்டும் என்று நாங்கள் கேட்காத ஆள் இல்லை. நாங்கள் என்றால் மற்றப் பெண்கள். நான் பின்னால் நின்று தலையாட்டுவேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், எங்களை வேலை வாங்கும் மண்டோரிடம் கேட்பார்கள். எங்கள் மண்டோர் நல்ல மனிதர், லயத்தில் எல்லாருக்கும் அண்ணன்.

“எழுதிப் போட்டிருக்கு லா,” என்பார்.

“எதுல எழுதினீங்கண்ணே, தண்ணியிலயா?” என்பாள் என் பக்கத்து வீட்டு அக்கா. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். எனக்குச் சேர்த்தும் அவளே பேசிவிடுவாள். பதினைந்து வருடம் இப்படியே போனது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பழைய வேன் வந்து அந்தக் கரையில் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் டவுனில் மலாய்ப் பள்ளி ஆசிரியர். சிக்கு என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். இன்னொருவர் சிரம்பானில் மோட்டார் பட்டறை வைத்திருந்த சீனர். வேன் மேலிருந்து நீளமாக, நடுவில் ஓட்டை வைத்த சிவப்புப் படகு ஒன்றை இறக்கினார்கள். காயாக் என்று அதற்குப் பெயர் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“என்னடி இது, வாழைப்பூ மடலைத் தூக்கிக்கிட்டு வர்றானுங்க,” என்றாள் அக்கா.

சிக்கு அந்த ஓட்டைக்குள் காலை நுழைத்து உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தட்டை வைத்த துடுப்பை ஆட்டிக்கொண்டு நடு ஆற்றில் இடுப்பளவு ஆழம் உள்ள மடுவுக்குப் போனார். போனவர் அப்படியே கவிழ்ந்தார். படகின் அடிப்பக்கம் மட்டும் மேலே தெரிந்தது. ஆளைக் காணோம்.

அக்கா துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். தண்ணீருக்குள் கையை விட்டு, கிடைத்த காலரைப் பிடித்து இழுத்து, படகோடு சேர்த்து அந்த ஆளை நிமிர்த்திவிட்டாள். சிக்கு இருமிக்கொண்டே ஏதோ சொல்ல வந்தார். கரையில் நின்ற பட்டறைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேண்டுமென்றே கவிழ்ந்து, படகை விட்டு இறங்காமலே நிமிர்ந்து வருவதுதான் அவர்கள் பழகுகிற வித்தையாம்.

“வேணும்னே கவுந்தானாம்,” அக்கா முந்தானையைப் பிழிந்தபடி எங்களிடம் வந்து சொன்னாள். “வேலை வெட்டி இருக்கிற ஆம்பளை செய்யிற காரியமா இது? இவனுக்குப் பொண்டாட்டி இருக்கா இல்லையா?”

அதற்குப் பிறகு அவர்கள் ஞாயிறு தவறாமல் வந்தார்கள். ஒருநாள் மண்டோரையும் லயத்து ஆண்களையும் உட்காரவைத்து ரொம்ப நேரம் பேசினார்கள். மண்டோர் வந்து எங்களிடம் சொன்னது இதுதான்: அந்த இடத்தில் படகு விடுகிறவர்களுக்கு ஒரு தாமான் செய்யப் போகிறார்கள்.

“ஆத்துக்குள்ள வீடு கட்டப் போறானுங்களா?” என்றாள் அக்கா. தாமான் என்றால் எங்களுக்கெல்லாம் டவுன் பக்கம் வரிசையாகக் கட்டுகிற கல்வீடுகள்தான்.

“வீடு இல்ல லா. பூங்கா மாதிரி. கம்பத்துப் பிள்ளைங்க, நம்ம லயத்துப் பிள்ளைங்க, யார் வேணா வந்து காயாக் பழகலாம். ஆத்துக்கு மேல கம்பி இழுத்து அதுல கம்பு தொங்க விடுவாங்க. அந்தக் கம்புல இடிக்காம படகு விடணும். கம்பு கட்டுறதுக்கு ஆள் நடக்கணும் இல்ல? அதனால தொங்கு பாலம் ஒண்ணு போடணும்னு மனு எழுதியிருக்காங்க. டி.ஓ. வந்து பார்ப்பாரு. அவருக்குப் பிடிச்சா பாலம். பிடிக்கலைன்னா வேற ஆத்துக்குப் போயிடும். வேற ஊர்லயும் கேட்டிருக்காங்களாம்.”

மாவட்ட அதிகாரியைத்தான் டி.ஓ. என்பார்கள். கம்பம் என்றால் பக்கத்து மலாய்க் கிராமம். மண்டோர் இவ்வளவு சொன்னதில் எங்கள் காதில் விழுந்தது பாலம் என்ற ஒன்றுதான். படகை யார் நினைத்தார்கள்.

நாலு ஞாயிறு வேலை நடந்தது. படகுக்காரர்கள், கம்பத்து மலாய் இளைஞர்கள், லயத்து ஆண்கள் எல்லாரும், கூலி இல்லாமல் கூடிச் செய்கிற கோத்தோங் ரோயோங் போட்டுக் கடப்பாரையும் சங்கிலியுமாக ஆற்றில் இறங்கினார்கள். நாங்களும் இறங்குகிறோம் என்றதற்கு, “வேண்டாம் மக்சிக், கல் கனம்,” என்று சிக்கு அத்தை முறை வைத்து மரியாதையாகத் தடுத்துவிட்டார். எங்களுக்குக் கல் கனமா என்று அக்கா முணுமுணுத்தாள். நாங்கள் தேநீர் போட்டு, கறிபாப் பொரித்துக் கொடுத்தோம். ஆற்றுக்குள் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நாங்கள் கடக்கிற இடத்துக்கு மேலே நடந்த வேலை அது; ஆற்றிலிருந்து கல்லை எடுக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

டி.ஓ. வருகிற ஞாயிறுக்கு முந்திய வாரம் முழுக்க மழை. சனிக்கிழமை வெயில் வந்ததும் துணி மூட்டையோடு ஆற்றுக்குப் போனேன். பார்த்ததும் மனம் ஒடிந்துவிட்டது. ஆற்றின் குறுக்கே, அங்கும் இங்குமாகக் கல் துருத்திக்கொண்டிருந்தது. அதில் மரக்கிளையும் இலையும் சிக்கி, தண்ணீர் தடுமாறி நுரைத்து ஓடிக்கொண்டிருந்தது. பாதி எடுத்துப் பாதி விட்டுப் போய்விட்டார்களே, நாளைக்கு டி.ஓ. வந்து இந்தக் கோலத்தைப் பார்த்தால் பாலம் எப்படி வரும் என்று எனக்குப் பட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மழை நாளில் ரப்பர் மரம் வெட்ட முடியாது. அந்த நாட்களில் மண்டோர் எங்களை லொங்கான் வேலைக்கு அனுப்புவார். லொங்கான் என்றால் தோட்டத்து வடிகால். அதில் விழுந்த கல்லையும் மண்ணையும் அள்ளிப்போட்டு, தண்ணீர் தங்குதடை இல்லாமல் ஓடும்படி விட வேண்டும். ஓடுகிற தண்ணீரில் கல் கிடந்தால் அதை எடுப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வேலை. அதோடு இன்னொன்று. பெரிய துரை தோட்டம் பார்க்க வருகிறார் என்றால் முந்தின நாள் பாதையோரக் கல், வேலிக்கால், மரத்தின் அடிப்பகுதி எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்துவிடுவோம். சும்மா நின்றால் நமக்கும் அடித்துவிடுவார்கள் என்று அக்கா சொல்வாள். பெரிய மனிதர் வந்தால் இடம் வெள்ளையாக இருக்க வேண்டும். எங்களுக்கு அது பழகிப்போன முறை.

ஆண்கள் எல்லாரும் டவுனுக்குப் போயிருந்தார்கள். அன்று மத்தியானம் நான் வீடு வீடாகப் போனேன். என் ஆயுளில் அதற்கு முன் யாரையும் எதற்கும் கூப்பிட்டதில்லை. “நாளைக்கு டி.ஓ. வர்றாரு. ஆறு அசிங்கமா கிடக்கு. நம்ம போய் சுத்தம் பண்ணிடலாமா?” என்று கேட்டேன். நான் கேட்கிறேனே என்ற ஆச்சரியத்திலேயே எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். பன்னிரண்டு பேர் என்று நினைக்கிறேன்.

தோட்டத்தில் ஆளுக்கு ஒரு நிரை உண்டு, மரம் வெட்டவும் புல் வெட்டவும். அதே மாதிரி ஆற்றையும் நிரை பிரித்துக்கொண்டோம். அவரவர் நிரையில் இருந்த கல்லைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து, நேர் எதிரே கரையில் அடுக்கினோம். தண்ணீர் ஓரம் இருந்தது முன்னால், நடு ஆற்றில் இருந்தது பின்னால். லொங்கான் கல்லை அடுக்குகிற வழக்கமே அதுதான். அப்போதுதான் அடுத்தவள் கல்லோடு கலக்காது, மண்டோர் வந்து யார் எவ்வளவு எடுத்தாள் என்று பார்க்கலாம். யானை மாதிரி கிடந்த மூன்று பாறைகளை மட்டும் அசைக்க முடியவில்லை. கோவில் திருவிழாவுக்கு வாங்கிய சுண்ணாம்பு அரை மூட்டை மிச்சம் இருந்தது. அதைக் கரைத்து எல்லாக் கல்லுக்கும் அடித்தோம். இருட்டுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஆறு கண்ணாடி மாதிரி ஓடியது. கரையில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கல் வரிசை. எனக்கு அன்று பெருமையாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு சிக்குவும் பட்டறைக்காரரும் வந்தார்கள். சாலையிலிருந்து இறங்கி வந்த சிக்கு, தோளில் இருந்த படகை இறக்கி வைத்துவிட்டு நின்றார். பாராட்டப் போகிறார் என்று நாங்கள் இந்தக் கரையில் வரிசையாக நின்றோம்.

“யார் செய்தது?” என்று மலாயில் கேட்டார். குரல் மெதுவாகத்தான் வந்தது.

மண்டோர் ஆற்றைப் பார்த்தார், கரையைப் பார்த்தார், கடைசியில் எங்களைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. அக்காவுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

“ராத்திரி வெள்ளம் வந்து அடிச்சிட்டுப் போயிடுச்சுன்னு சொல்லுங்கண்ணே.”

“வெள்ளம் சுண்ணாம்பும் அடிச்சிட்டுப் போச்சா?”

“அது பெரிய வெள்ளம்ணே.”

பட்டறைக்காரர் படகைத் தண்ணீரில் வைத்து வெறுமனே தள்ளிவிட்டார். அது இலை மாதிரி மிதந்து, நேராகப் போய்க் கீழே வளைவில் ஒதுங்கி நின்றது. அவ்வளவுதான். “லொங்கான்,” என்றார்.

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர்கள் நாலு ஞாயிறும் கல்லை எடுக்கவில்லை, வைத்திருக்கிறார்கள். தண்ணீர் தடுமாற வேண்டும், நுரைக்க வேண்டும், சுழல வேண்டும். அதில்தான் அவர்கள் படகு விளையாடும். அந்தத் தடுமாற்றத்தைத்தான் நான் பன்னிரண்டு பேரைக் கூட்டி வந்து பிடுங்கிப் போட்டிருக்கிறேன். டி.ஓ. வந்து என்னத்தைப் பார்ப்பார்? பாலம் வேறு ஆற்றுக்குப் போய்விடும். பதினைந்து வருடம் கேட்ட பாலத்தை என் கையாலேயே தள்ளிவிட்டேன்.

டவுனுக்குப் போய் டி.ஓ. வீட்டுக்கு போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லப்போவதாக சிக்கு மண்டோரிடம் சொல்லிவிட்டு வேனைப் பார்த்து நடந்தார்.

நான் ஆற்றில் இறங்கினேன். அக்கா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “பேசாம இருடி. பன்னிரண்டு பேருல யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்பான்.” நான் நிற்கவில்லை. அந்தக் கரைக்கு ஏறி, சிக்குவுக்கு முன்னால் போய் நின்றேன். தெரிந்த மலாய் எல்லாம் மறந்துவிட்டது.

“சாயா,” என்றேன். நான்தான் என்று அர்த்தம். “நான்தான் கூப்பிட்டேன். அவங்க மேல தப்பு இல்ல.”

அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். “பரவாயில்லை மக்சிக். நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. ஆனா அதை வைக்க எங்களுக்கு நாலு ஞாயிறு ஆச்சு.”

“உங்களுக்கு எந்தக் கல்லு எங்கன்னு தேடுறதுக்கு நாலு ஞாயிறு ஆச்சு,” என்றேன். எப்படி வந்தது அந்தத் தைரியமும் அந்த மலாயும் என்று இன்றுவரை தெரியவில்லை. “எங்களுக்குத் தேட வேணாம். எந்தக் கல்லு எங்க இருந்துச்சோ அதுக்கு நேரா அடுக்கியிருக்கோம். கிட்ட இருந்தது முன்னால, தூரம் இருந்தது பின்னால. ஒண்ணுகூட மாறாது. டி.ஓ. எத்தனை மணிக்கு வர்றாரு?”

“பதினொண்ணு.”

நான் திரும்பி எங்கள் கரையைப் பார்த்தேன். கத்திக் கூப்பிட எனக்கு வராது. ஆனால் அக்கா ஏற்கெனவே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னங்கடி பார்க்கிறீங்க, அவ முன்னால போயிட்டா. வாங்க, அவங்கவங்க நிரையில இறங்குங்க.”

முதலில் தேங்காய் மட்டையால் சுண்ணாம்பைச் சுரண்டினோம். சுண்ணாம்போடு போட்டால் மீன் சாகும். தேய்த்த கழுநீரை மண்ணில் குழி தோண்டி விட்டோம். பிறகு இரண்டு பேர் நாலு பேராகத் தூக்கி, அவரவர் நிரையில் எடுத்த குழியிலேயே வைத்தோம். அந்தக் குழிகள் காலுக்குத் தெரிந்தன. இந்த முறை யாரும் எங்களைக் கனம் என்று தடுக்கவில்லை. சிக்குவும் பட்டறைக்காரரும் எங்கள் நடுவில் நின்று தூக்கினார்கள்.

நடு ஆற்றில் ஒரு தட்டைக் கல். அதை நிமிர்த்தி நிறுத்தச் சொன்னார் பட்டறைக்காரர். முன்னாடியும் அப்படித்தான் இருந்ததாம்.

“அப்படி நிக்காது தவுக்கே,” என்றேன். சீன முதலாளிகளை அப்படித்தான் கூப்பிடுவோம். “மழை வந்தா அடியில மண்ணு அரிச்சு விழுந்துடும்.”

“அப்போ எப்படி?”

“தண்ணி வர்ற பக்கம் தலை சாஞ்சு இருக்கணும். அடியில சின்னக் கல்லா குத்தி அடைக்கணும். லொங்கான் ஓரத்துக்கு நாங்க அப்படித்தான் வைப்போம்.”

அவர் நகர்ந்து இடம் விட்டார். நான் சொன்னபடி வைத்தோம். தண்ணீர் அதன் மேல் ஏறி, அந்தப் பக்கம் விழுந்து, திரும்பி மேல்நோக்கிச் சுருண்டது. நாங்கள் பிடுங்குவதற்கு முன் அப்படிச் சுருளவில்லை என்று சிக்கு சொன்னார். எனக்காகச் சொன்னாரா, உண்மையா, தெரியாது. இரண்டாவது கல் ஒன்றை அவர் என்னைக் கேட்டுத்தான் வைத்தார்.

டி.ஓ. பதினொன்றரைக்கு வந்தார். நல்லவேளை அரைமணி தாமதம். சிக்கு படகில் ஏறி அந்தச் சுருளில் போய் நின்றார். தண்ணீர் கீழே ஓடுகிறது, படகு மட்டும் கயிற்றில் கட்டிய மாடு மாதிரி அதே இடத்தில் நிற்கிறது. கம்பத்து இளைஞர் இருவர் பாறைக்குப் பாறை சுற்றி ஓட்டிக் காட்டினார்கள். டி.ஓ. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு, ஓரத்தில் நாங்கள் திருப்பி வைக்க நேரமில்லாமல் விட்ட கற்களைக் காட்டி, அவை மட்டும் ஏன் வெள்ளையாக இருக்கின்றன என்று கேட்டார்.

சிக்கு பொய் சொல்லியிருக்கலாம். முழுக்கதையையும் சொல்லிவிட்டார். டி.ஓ. சிரித்துக்கொண்டே அந்த வெள்ளைக் கல் ஒன்றில் உட்கார்ந்தார். ஆற்றங்கரை ஈரத்தில் சரியாகக் காயாத சுண்ணாம்பு. சொல்லலாமா வேண்டாமா என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் சொல்லவில்லை.

“இந்தப் படகு இடம் உங்களுக்கு வேண்டுமா?” என்று என்னைக் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“எனக்குப் படகு தெரியாது துவான்,” என்றேன். “எங்களுக்குப் பாலம்தான் வேணும். பாலை எடுத்துக்கிட்டு இதுல இறங்கித்தான் போறோம். கல்லு இல்லைன்னா படகு வராது, படகு வரலைன்னா பாலம் வராது. அதனால கல்லும் வேணும். வெள்ளம் வந்து புரட்டிப் போட்டா நாங்களே திருப்பி வைப்போம். எங்களுக்கு அந்த வேலை தெரியும்.”

டி.ஓ. எழுந்தார். காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நாங்கள் கடக்கிற இடம் எது என்று கேட்டு இறங்கினார். அக்கா முன்னால் நடந்து, “அந்தக் கல்லு வழுக்கும் துவான், இதை மிதிங்க,” என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு போனாள். நடுவில் அவருக்குக் கால் சறுக்கித் தொடை வரை நனைந்தது. கரையேறி, வாளி இல்லாமலே இப்படியா என்ற மாதிரி திரும்பிப் பார்த்தார். போகும்போது மண்டோரிடம் ஒன்றுதான் கேட்டார்: தூண் நடுவதற்கு இந்தப் பக்கம் கெட்டியான தரை எங்கே இருக்கிறது?

அடுத்த மழைக்காலத்துக்கு முன் பாலம் வந்துவிட்டது. பலகை அடித்த தொங்கு பாலம், ஒரு ஆள் அகலம். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் படகுக்காரர்கள் எங்களுக்கு ஆள் அனுப்புவார்கள். அவரவர் நிரையில் இறங்கிக் கல்லைச் சரிசெய்துவிட்டு வருவோம். லயத்துப் பிள்ளைகள் சிலர் காயாக் பழகினார்கள். என் மகளும் ஒருநாள் ஏறினாள். அவள் கவிழ்ந்ததை நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். நிமிர்ந்தபோது பார்த்தேன்.

பாலத்தில் முதல் மழை நாளில் பால் வாளிகளோடு ஏறியதுதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கீழே தண்ணீர் இடுப்புக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் வந்ததும் பலகை ஆடியது. பயத்தில் நின்றுவிட்டேன். பின்னாலிருந்து அக்கா, “வேடிக்கை பார்த்தது போதும், நகரு லா. பால் உறையுது,” என்றாள். நகர்ந்தேன். அன்று என் பாலைக் கிராணி ஒட்டுப்பால் என்று சொல்லவில்லை.

இதில் சில இடம் எனக்கே சந்தேகம். நாங்கள் பன்னிரண்டு பேரா பதின்மூன்று பேரா, சுண்ணாம்பு அரை மூட்டையா முழு மூட்டையா, பாலம் தீபாவளிக்கு முன் வந்ததா பின் வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மண்டோர் அண்ணனின் சம்சாரம் இப்போது ரந்தாவில் மகன் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. அவருக்கு ஞாபகம் கூர்மை. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது இதை அவருக்குப் படித்துக் காட்டி, தப்பாக இருப்பதைப் பென்சிலால் திருத்தி வாங்கி வந்தால் நன்றாக இருக்கும்.